உஷார்! சரளமாகப் பேசுகிற பிள்ளையை நம்பி அசந்துவிடாதீர்கள்

ஒடிசாவிலிருந்து ஆறு வயதில் தத்து வருகிற பிள்ளை, சில மாதத்திலேயே சேலம் ஃபேர்லேண்ட்ஸ் தட்டுவடை செட் கடையில் "அண்ணா, காரம் கம்மியா போடுங்க" என்று கேட்கும். வீட்டில் எல்லோருக்கும் பூரிப்பு. சறுக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய ஊர் என்பதாலோ என்னவோ, தத்து என்றாலே சேலத்துக்காரர்களுக்குக் கைக்குழந்தைதான் ஞாபகம் வரும். ஆனால் இன்றைய விதிப்படி, தம்பதியின் வயதைக் கூட்டினால் 90-ஐத் தாண்டுகிறது என்றால், பொதுவாக நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைதான். தத்துக்கான கேரிங்ஸ் இணையதளத்தில் நாடு முழுக்கப் பதிவு நடப்பதால் அது வேற்று மாநிலப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அந்தப் பிள்ளையை நேராக இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறோம். வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ், பல பள்ளிகளில் கூடவே இந்தி. ஒடியா பேச ஆளே இல்லை. கொரியாவில் பிறந்து 3 முதல் 8 வயதுக்குள் பிரான்ஸுக்குத் தத்துப் போனவர்களை, பெரியவர்களான பிறகு சோதித்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. கொரிய மொழியை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து அவர்களால் பிரித்துச் சொல்லவே முடியவில்லை! எட்டு வயதுவரை பேசிய மொழிக்கே அந்தக் கதி.

பழையது போய்விடும், புதியது பழுக்க நாளாகும். புது மொழியில் பேச்சு வழக்கு பிடிபட சுமார் இரண்டு வருடம், பாடத்துக்கான மொழி கைவர 5 முதல் 7 வருடம் என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எப்போதோ சொல்லிவிட்டார். அவர் பார்த்தது வீட்டில் தாய்மொழி பேசிய பிள்ளைகளை. தத்துப் பிள்ளைக்கு அந்தப் பிடிமானமும் கிடையாது.

மூன்றாம் வகுப்பில் குட்டு உடையும். 'மாலாவிடம் 12 மிட்டாய். ரவியிடம் அதைவிட 5 குறைவு.' பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். 'அதைவிட' என்ற இடத்தில் தடுக்கி, பன்னிரண்டோடு ஐந்தைக் கூட்டி வைக்கும். "நல்லாத்தானே பேசுறா, சோம்பேறித்தனம்" என்பார் டீச்சர். தத்துக்குப் பிந்தைய கண்காணிப்போ ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டே வருடம். சிக்கல் தலைகாட்டுகிற நேரத்தில் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

ஆகவே முதல் மாதத்தை விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் இல்லத்தில் பிள்ளை எந்த மொழியில் பேசியது, கோவையாகக் கதை சொல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லத்து ஆயாவோடு வீடியோ காலில் பேசவிட்டு, அதைப் போனில் பதிவு செய்யுங்கள். அந்த மொழி தெரிந்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். தாய்மொழியிலேயே தடுமாற்றமா, புது மொழியின் திணறலா என்பது அப்போதுதான் தெரியும்; மொழி போனபின் எந்த நிபுணருக்கும் பிரித்தறிவது கஷ்டம். காதையும் சோதித்துவிடுங்கள். சளியில் சீழ் கட்டிய காது பேச்சையே கெடுக்கலாம்.

'பழசையெல்லாம் மறந்துடு கண்ணு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தமிழில் தினமும் கதை படித்துக் காட்டுங்கள். அடுத்து என்ன ஆகும், ஏன் என்று கேளுங்கள். கண்காணிப்புக்குக் கடைசியாக வருகிறவரிடம் பிள்ளையின் போட்டோவோடு கணக்கு நோட்டையும் காட்டுங்கள்.