சிறு பன்னும் ஷாமி கபாபும்

மேலை நாட்டு விருந்துகளில் முதன்மை உணவுக்கு முன் பரிமாறப்படும் 'ஸ்லைடர்' என்பது, உள்ளங்கையில் அடங்கும் பன்னின் நடுவே கொத்திறைச்சியால் தட்டிய மெல்லிய வில்லையை வைத்து, இரண்டு மூன்று வாயில் தின்று முடிக்கும் அளவில் செய்யப்படும் பர்கர் வகைச் சிற்றுண்டியாகும். 1921இல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காசில் உணவகம் இதனை ஐந்து சென்ட்டுக்கு விற்றுப் பரப்பியது. நறுக்கிய வெங்காயத்தின்மேல் ஐந்து துளையிட்ட சதுர வில்லைகளைப் பரப்பி, எழும் ஆவியிலேயே திருப்பிப் போடாமல் வேகவைக்கும் முறை அங்கே பின்னாளில் உருவானது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனத் தோல் பதனிடும் ஊர்களில் வாழும் உருது பேசும் குடும்பங்களின் சமையலில் இவ்வில்லைக்கு நெருங்கிய உறவாக இருப்பது ஷாமி கபாப். பச்சை இறைச்சியை அப்படியே தட்டாமல், கடலைப்பருப்பு, இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், பட்டை, ஏலக்காய் சேர்த்து நீர் வற்றும்வரை வேகவைத்து, நைய அரைத்து, வெங்காயமும் புதினாவும் கலந்து தட்டி, அடித்த முட்டையில் தோய்த்துக் குறைந்த எண்ணெயில் பொரித்தெடுப்பர்.

இவ்விரண்டும் உதிராமல் நிற்கும் காரணம் வேறுவேறு. பச்சைக் கொத்திறைச்சியில் மயோசின் என்னும் தசைப் புரதம் பசைபோல் ஒட்டிச் சூட்டில் இறுகுகிறது. வெந்த இறைச்சி அவ்வாற்றலை இழந்துவிடுவதால், ஷாமியில் கடலைப்பருப்பின் குழைந்த மாவுச்சத்தும், இறைச்சியின் இணைப்புத் திசுவிலுள்ள கொலாஜன் நெடுநேரம் வெந்து உருமாறிய ஜெலட்டினும் அவ்வேலையைச் செய்கின்றன. தோலின் கட்டமைப்பும் அதே கொலாஜன்தான். ஈரமான பச்சைத்தோல் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சுருங்கிவிட, குரோமிய உப்பில் பதனிட்ட தோலோ கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கும். அடுப்பில் குழையவேண்டிய புரதத்தைத் தொட்டியில் குழையாமல் காப்பதே பதனிடுவோரின் தொழில் என்பதால், ஒரே ஊரில் அதன் இரு இயல்புகளும் பயன்படுகின்றன.

சிறு பன்னுக்கு ஷாமியே பொருத்தமானது எனலாம். பச்சையாகத் தட்டிய சிறு வில்லை சற்று அதிகம் வெந்தாலும் சாறு வற்றி இறுகிவிடும், முன்பே வெந்து குழைந்த ஷாமியோ விறைப்பதில்லை. நார் மிகுந்த மலிவான இறைச்சியும் அதற்குப் போதும். கராச்சித் தெருக்களின் 'பன் கபாப்' இந்த இணைப்பே: வெண்ணெயோ எண்ணெயோ தடவிக் கல்லில் வாட்டிய பன்னின் உட்புறம் சட்னியின் ஈரத்தை எளிதில் உறிஞ்சாததால், கபாபை வைத்தபின்னும் அது சற்றுநேரம் நனைந்து பிய்யாமல் நிற்கிறது.