முன்பாரமும் பின்பாரமும்

மும்பையில் 35 வருடம் குப்பை கொட்டியவளுக்கு மழை ஒரு பொருட்டா? அப்படித்தான் நினைத்திருந்தேன், 2023 அக்டோபரில் சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்கு நாங்கள் போகும் வரை.

ஒலிம்பிக் தேசியப் பூங்காவைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஹோட்டலுக்குப் பதிலாக மாப்பிள்ளை ஒரு டிராவல் டிரெய்லரை வாடகைக்கு எடுத்தார். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சக்கர வீடு அது. கட்டில், காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் உண்டு. ஆனால் வண்டி ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். எல்லோரும் காரில்தான்.

அரிசிப் பை, தண்ணீர் பாட்டில் பெட்டிகள், நான் பிடிவாதமாக எடுத்து வந்த கிரைண்டர் எல்லாவற்றையும் மாப்பிள்ளை முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தார். குனிந்து குனிந்து எடுக்க என்னால் முடியவில்லை. மறுநாள் காலை, என் கணவரின் உதவியோடு அவற்றைப் பின்கோடியில் இருந்த சமையல் மேடைக்குக் கீழே மாற்றிவிட்டேன். 70 கிலோ இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

அபர்டீன் ஊரைத் தாண்டி 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மழை லேசானதல்ல. அரபிக் கடல் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கொட்டுவது போல, பசிபிக் கடலின் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைகளில் மோதிக் கொட்டுகிறது. அங்குள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. மும்பையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு!

ஓர் இறக்கத்தில், மரம் ஏற்றிய பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஆட்டம் கூடிக்கொண்டே போய், காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. "பிரேக் போடுங்கள்!" என்று கத்தினேன். மாப்பிள்ளை போடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அருகிலிருந்த ஒரு சிறு நெம்பை மெல்ல அழுத்தினார். ஆட்டம் அடங்கியது.

அந்த நெம்பு டிரெய்லருக்கு மட்டுமான மின்சாரப் பிரேக்கை இயக்குவது. ஆட்டத்தின்போது கார் பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் கார் வேகம் குறையும்; டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். ஈரச் சாலையில் இரண்டும் கத்திரிபோல் மடங்கிவிடும். டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டால், அது காரைப் பின்னுக்கு இழுத்துத் தானும் நேராகிவிடும்.

ஓரமாக நிறுத்தி, மாப்பிள்ளை டிரெய்லர் கதவைத் திறந்து பார்த்தார்.

"அத்தை, கிரைண்டர் எப்படி இங்கே வந்தது?"

"நான்தான் மாப்பிள்ளை மாற்றி வைத்தேன்."

அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. நனைந்துகொண்டே எல்லாவற்றையும் முன்னால் கொண்டு வந்தார்.

விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். எங்கள் கிராமத்தில் மாட்டு வண்டியில் ஏறினால், "பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னால நகருங்க" என்பார் வண்டிக்காரர். டிரெய்லருக்கும் அதே கணக்கு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கார்க்கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். எங்கள் டிரெய்லர் சுமார் 1,600 கிலோ. அப்படியானால் 160 முதல் 240 கிலோ வரை. அச்சுக்கு முன்னால் இருந்த 70 கிலோ பின்கோடிக்குப் போனதும், கொக்கியின் மேலிருந்த பாரம் 70 கிலோவுக்கும் அதிகமாகவே குறைந்துவிட்டது. பின்பாரம் கூடிய டிரெய்லர், சிறு காற்று தள்ளினாலும் ஊஞ்சல் போல ஆடும்.

அன்று மேற்கொண்டு பயணம் வேண்டாம் என்று பக்கத்திலிருந்த முகாமில் தங்கினோம். நாள் முழுக்க மழை. நான்கு பேரும் ஒரு சிறிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். அடுப்பு எரிந்ததும் குளிர்ந்த சுவர்களில் வியர்வை போல நீர் கோத்தது. கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னாள் மகள். ஈரம் போவதற்கு மட்டுமல்ல. காஸ் எரியும் மூடிய அறையில், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைக் குடித்துவிடும். குளிருக்காக அந்த அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்களில் பலருக்கு இப்படி ஒரு பயணம் வாய்க்கலாம். அவசியம் போய் வாருங்கள். கனமான சாமான்கள் அச்சுக்கு முன்னால், தாழ்வாக இருக்கட்டும். மழையில் வேகத்தைக் குறைத்து, முன் வண்டிக்கு நிறைய இடைவெளி விடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு டம்ளரை நகர்த்தினாலும் ஓட்டுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். "இதைப் போய்ச் சொல்வானேன்" என்று நான் நினைத்த ஒரு காலைப் பொழுது, நான்கு உயிர்களுக்கு விலையாகியிருக்கும்.