கண்ணில் நீர் வடிந்தால் மூக்கையும் பார்க்க வேண்டும்

கண்ணுக்கு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கும். அழுதால் மூக்கும் ஒழுகும். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் போவதுதான் இதற்குக் காரணம்.

லயங்களுக்குப் போகும்போது, சேலைத் தலைப்பால் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கும் அம்மாமாரை நாங்கள் பார்க்கிறோம். கேட்டால் "அடுப்புப் புகைங்க ஐயா" என்பார்கள். புகை என்றால் இரண்டு கண்ணும் எரியும், வெளியே வந்தால் நிற்கும். மாதக்கணக்கில் நீர் வடிந்து, மூக்கோரத்தை அமுக்கினால் சீழும் வருகிறதென்றால் அது குழாய் அடைப்புதான். நடுவயதுப் பெண்களுக்கே இது அதிகம்.

இமைகளின் மூக்கோர முனையில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசித்துளை போல ஓட்டைகள் உண்டு. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் தெரியும். கண்ணீர் அவற்றின் வழியே போய், மூக்குத்தண்டின் பக்கத்து எலும்புக்குழியில் உள்ள சிறு பையில் சேரும். பிறகு எலும்புக்குள்ளேயே குழாயாக இறங்கி மூக்கில் விழும். மலையில் கான் அடைபட்டால் மேலே தண்ணீர் தேங்குகிற மாதிரி, குழாய் அடைபட்டால் பையில் தேங்கிச் சீழ் பிடிக்கும்.

அடைபட்ட குழாயை விட்டுவிட்டு, பையிலிருந்து மூக்குக்கு நேராக ஒரு வாசல் திறப்பதுதான் ஒப்பரேஷன். 1904இல் இத்தாலிய டொக்டர் டோட்டி மூக்கோரத் தோலைக் கீறி இதைச் செய்தார். அந்த முறை இன்றும் நல்ல முறையே. இப்போது 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெளிச்சக் குழலை மூக்குக்குள் விட்டு, முகத்தில் தழும்பில்லாமலும் செய்கிறார்கள்.

மூக்கின் பக்கச்சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சதைமடிப்புகள் உண்டு. பழைய குழாய் திறப்பது கீழ்மடிப்புக்கு அடியில். பை இருப்பதோ மேலே, நடுமடிப்பு சுவரில் ஒட்டத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். 2000ஆம் ஆண்டில் ஸ்கேன் படங்களில் அளந்தபோது, பையின் பெரும்பகுதி அந்த இடத்துக்கும் மேலே, சராசரி 9 மில்லிமீட்டர் அளவு உயர்ந்து நிற்பது தெரிந்தது. வாசலைத் தாழ்வாக வைத்தால் பையில் மறுபடி நீர் தேங்கும். அதனால்தான் முன்பக்கத்துத் தடித்த எலும்பையும் மேல்வரை எடுக்கிறார்கள். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தால் குழல் போக இடமிருக்காது, அதையும் சரிசெய்ய நேரலாம். மூக்கில் பழைய அடியோ சதை வளர்ச்சியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது.

"கண்ணைத் தோண்டிடுவாங்களாம்" என்று பயந்து ஒரு அம்மா பல வருசம் போகாமலிருந்தார். கடைசியில் வெண்படல ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்துப் போனவரை, பையில் சீழ் இருக்கிறது, கண்ணுக்குள் கிருமி போய்விடும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் பேரும் போனது, பார்வையும் தள்ளிப்போனது. உண்மையில் இந்த ஒப்பரேஷனில் கண்விழியைத் தொடுவதே இல்லை.

கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துகொள்ளும். மூக்கோரத்தைத் தடவிவிடும் முறையைக் கிளினிக்கில் காட்டித் தருவார்கள். ஆனால் யாருக்காவது அந்த இடம் சிவந்து வீங்கி வலித்தால், அமுக்கவும் வேண்டாம், பத்துப் போடவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.