கப்பலில் குத்திய முத்திரை

சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய கவரைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். உள்ளே கடிதம் கிடையாது. கவர் எனக்கு வந்ததும் இல்லை. 1930-களில் யாரோ ஓர் அமெரிக்கர் தனக்குத் தானே தபாலில் அனுப்பிக்கொண்டது!

"ஏங்க, உள்ளே செக் கிக் ஏதாவது இருக்கா?" என்றாள் மனைவி.

"இல்லை. மேலே முத்திரை இருக்கு பாரு. போர்க்கப்பல்ல குத்தினது."

அவள் கவரைத் திருப்பி, 'பின்பக்கம் காலியாகத்தான் இருக்கு, மளிகை லிஸ்ட் எழுதலாம்' என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அது பீரோவில், என் எல்.ஐ.சி. பாலிசிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஸ்டாம்ப் சேர்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். பக்கத்து சீட்டிலேயே ஒருத்தர் இருப்பார். போர்க்கப்பல் கவர் சேர்க்கிறவர்கள் தனி ரகம். ஸ்டாம்ப்பைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள மாட்டார்கள். அதன்மேல் விழுந்திருக்கும் மைதான் அவர்களுக்கு முக்கியம். எந்தக் கப்பல்? எந்தத் தேதி?

இந்தப் பைத்தியம் முற்றிய இடம் அமெரிக்கா. 1908-ல் அங்கே ஒரு சட்டம் போட்டு, கடற்படைக் கப்பல்களுக்குள்ளேயே தபாலாபீஸ் திறந்தார்கள். மாலுமி ஒருவரே கிளார்க். கையில் ஒரு வட்ட முத்திரை, அதில் கப்பல் பெயர், தேதி. வட்டத்துக்குப் பக்கத்தில் சில கோடுகள். பல கப்பல்களில் அந்தக் கோடுகளுக்கு நடுவே நின்றிருக்கும் துறைமுகத்தின் பெயரையும் கோத்துவிடுவார்கள்.

சேர்ப்பது எப்படி? ஒரு கவரில் உங்கள் விலாசத்தையே எழுதி ஸ்டாம்ப் ஒட்டுங்கள். அதை இன்னொரு கவருக்குள் போட்டு, 'ஐயா, தயவுசெய்து முத்திரை குத்தி அனுப்பவும்' என்று கப்பலுக்கு ஒரு விண்ணப்பம். அவ்வளவுதான். கிளார்க் நல்ல மூடில் இருந்தால் பளிச்சென்று குத்தி அனுப்புவார். இல்லாவிட்டால் மைக் கறைதான். 1932-ல் இதற்கென்றே 'யுனிவர்ஸல் ஷிப் கான்ஸலேஷன் சொஸைட்டி' என்று ஒரு சங்கம்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது விளையாட்டாகக் கவர் அனுப்பியவர்களில் சிலருக்கு 'அரிஸோனா' என்ற கப்பலின் முத்திரை கிடைத்தது. 1941 டிசம்பர் 7-ம் தேதி பேர்ல் ஹார்பரில் ஜப்பானியர் குண்டு போட்டதில் அரிஸோனா 1,177 பேருடன் மூழ்கியது. ஆல்பத்தில் சும்மா கிடந்த கவரை அதற்கப்புறம் அவர்கள் எப்படித் தொட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த முத்திரையைப் பிடித்த கை யாருடையது, அன்று காலை அவன் எங்கே இருந்தான்?

யுத்தம் வந்ததும் முத்திரையிலிருந்து கப்பல் பெயரை எடுத்துவிட்டார்கள். எந்தக் கப்பல் எங்கே என்று எதிரிக்குக் கவர் மூலம் தெரியக்கூடாதல்லவா!

யுத்தம் முடிந்து பெயர்கள் திரும்பி வந்தன. பிறகு இந்தப் பொழுதுபோக்குக்கு ஆகாயத்திலிருந்து ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. அப்போலோ வீரர்கள் கடலில் வந்து விழுவார்கள், போர்க்கப்பல் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரும். அன்றைய தேதியில் அந்தக் கப்பலின் முத்திரை வேண்டுமே! 1969 ஜூலை 24-ம் தேதி அப்போலோ 11-ஐ மீட்டது 'ஹார்னெட்'. அந்தத் தேதி போட்ட ஹார்னெட் கவர் இல்லாமல் ஆல்பமே நிறையாது என்றாகிவிட்டது.

அந்த அப்போலோ 11 வீரர்கள் கிளம்புமுன் ஏகப்பட்ட கவர்களில் கையெழுத்துப் போட்டு, குடும்பத்திடம் விட்டுவிட்டுப் போனார்களாம். திரும்பி வராவிட்டால் விற்றுப் பிழைக்கட்டும் என்று. நம்ம எல்.ஐ.சி. மாதிரிதான், பிரீமியம் மட்டும் கையெழுத்து.

இப்போது 1971-க்கு வாருங்கள். அப்போலோ 15. டேவிட் ஸ்காட், ஆல்ஃப்ரட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் என்று மூன்று பேர். நிலவில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பயணம் இதுதான். கொண்டுபோகும் சொந்தச் சாமான்களுக்கு லிஸ்ட் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த லிஸ்ட்டில் இல்லாத 398 கவர்கள் ஸ்காட்டின் விண்வெளி உடைப் பாக்கெட்டில் ஏறிக்கொண்டன. ராக்கெட் கிளம்பிய ஜூலை 26-ம் தேதி முத்திரை ஏற்கெனவே அவற்றில் விழுந்திருந்தது. வந்து சேர்ந்ததற்கு இன்னொரு முத்திரை வேண்டாமா?

ஆகஸ்ட் 7-ம் தேதி, மூன்று பாராசூட்டில் ஒன்று சுருங்கிப்போக, கலம் பசிபிக்கில் 'தொம்'மென்று விழுந்தது. மீட்டது 'ஒகினாவா' என்ற ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பல். ஐந்து நாள் முன்பு வெளியான புது விண்வெளி ஸ்டாம்ப்புகள் கப்பலுக்கு வந்து சேர்ந்தன. ஒட்டி, ஒகினாவா தபாலாபீஸில் முத்திரையும் விழுந்தது. சட்டப்படி எல்லாம் சுத்தம். கப்பல் நிஜம், தேதி நிஜம், மை நிஜம். கவர்கள் நிலவுக்குப் போய்விட்டு வந்ததும் நிஜம். கேட்காமல் போனதுதான் தப்பு!

அதில் 100 கவர்கள் ஒரு மேற்கு ஜெர்மன் ஸ்டாம்ப் வியாபாரிக்கு. ஒப்பந்தப்படி வீரர்களுக்கு ஆளுக்கு 7,000 டாலர். குழந்தைகள் படிப்புக்காக என்று பின்னால் சொன்னார்கள். உடனே விற்கக்கூடாது என்பதுதான் பேச்சு என்றும் சொன்னார்கள். வியாபாரியோ அந்த வருஷமே கடை விரித்துவிட்டார். ஒரு கவர் 4,850 மார்க். சுமார் 1,500 டாலர்!

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். நூறு கவருக்கு ஒன்றரை லட்சம் டாலர். மூன்று வீரர்களுக்கும் சேர்த்து 21,000. உயிரைப் பணயம் வைத்து நிலாவுக்குப் போய் வந்தவர்களுக்கு நூற்றுக்குப் பதினாலு. பூமியிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மீதி. உலகத்தில் எங்கேயும் கமிஷன் மண்டி கணக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

விஷயம் வெளியே வந்தது. பணம் வேண்டாமென்று மூவரும் சொல்லிவிட்டார்கள். பிரயோஜனமில்லை. 1972-ல் நாஸா கண்டித்தது. அப்போலோ 17-க்கு மாற்று வீரர்களாக இருந்தவர்களை அந்த இடத்திலிருந்து தூக்கினார்கள். மிச்சமிருந்த கவர்கள் அரசாங்கப் பெட்டிக்குள் போயின. மூவரில் ஒருவர்கூட அப்புறம் விண்வெளிக்குப் போகவில்லை.

தப்பு தப்புதான். லிஸ்ட்டில் எழுதி நீட்டியிருந்தால் ஒருவேளை அனுமதியே கிடைத்திருக்கும். ஆபீஸில் ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வலி புரியும்.

கேளுங்கள் கூத்தை! 1983-ல் நாஸாவும் அமெரிக்கத் தபால் துறையும் கைகோத்துக்கொண்டு, சேலஞ்சர் விண்கலத்தில் 2,60,000-க்கும் மேல் கவர்களை ஏற்றிப் போய் வந்து ஜனங்களுக்கு விற்றன. 'நாங்கள் செய்தால் குற்றம், நீங்கள் செய்தால் வியாபாரமா?' என்கிற தோரணையில் வோர்டன் கோர்ட்டுக்குப் போனார். அரசாங்கம் சமரசத்துக்கு வந்து, அதே வருஷம் கவர்களை வீரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. போன வேலை போனதுதான்.

ஒகினாவாவை 1992-ல் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். 2002-ல் சுட்டுப் பழக இலக்காக வைத்து, கடலில் மூழ்கடித்தார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கையைத் துடைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து, கவரை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

"நிச்சயமா இது நிலாவுக்குப் போகலையே?"

"போகலை. கப்பலோட சரி."

"ப்ச்" என்று சொல்லிவிட்டு, பாலிசிக்கு அடியிலேயே வைத்துவிட்டாள்.