மாங்காயும் கணினி மொழியும்

மாவுடன் காய் சேர்ந்தால் மாங்காய். பழம் சேர்ந்தால் மாம்பழம். இடையிலுள்ள மெல்லெழுத்தை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. வருமொழியின் முதலெழுத்துக்கு இனமாக அது தானே தோன்றிற்று. இதனைத் தோன்றல் விகாரம் என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். கணினிக்கு ஆணையிடும் மொழிகளிலும் இதனையொத்த விதி ஒன்று உண்டு.

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுவதாகக் கொள்வோம். தோட்டம், அதனுள் டிவிஷன், அதனுள் லயம், லயத்தில் வீடு, வீட்டில் குடும்பத் தலைவர் பெயர், பெட்டிக்குள் பெட்டி. பெரும்பாலான மொழிகளில் ஒவ்வொரு பெட்டியையும் முன்கூட்டியே அமைத்து வைத்தல் வேண்டும். ஒன்றை மறந்தாலும் கணினி பிழையென்று நின்றுவிடும். பழைய கிராணிமாரின் செக்ரோலில்கூட இத்தனை கெடுபிடி இருந்திராது!

மொழியியல் பயின்ற லாரி வால் என்பார் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழியின் போக்கு வேறு. 1994இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில், ‘ரீப்பா தோட்டம், முதல் டிவிஷன், மூன்றாம் லயம், ஏழாம் வீடு, இன்னார்’ என ஒரே வரியில் எழுதினால் போதும். இடைப்பெட்டிகள் தாமே தோன்றும். அடுத்து வருவது சதுர அடைப்பாயின் எண்வரிசைப் பெட்டி. நெளி அடைப்பாயின் பெயர்வழிப் பெட்டி. வருமொழி நோக்கி ஙகரமோ மகரமோ தோன்றுவது போன்றதே இது. தானே உயிர்பெறுதல் என்று பொருள்படும் பெயரை இதற்கு இட்டனர். பைதான் மொழியும் 2006இல் வந்த தன் 2.5ஆம் பதிப்பில், கேட்ட பெயர் இல்லையேல் அதற்கொரு பெட்டியைத் தானே அமைத்துத் தரும் அகராதி வகையைச் சேர்த்துக்கொண்டது.

இனி இடர்ப்பாட்டுக்கு வருவோம். எழுதும்போது மட்டுமன்று, வினவும்போதும் பெட்டி தோன்றிவிடும். ‘ரெப்பா தோட்டத்தில் முதல் டிவிஷன் உண்டா?’ என எழுத்து மாறிக் கேட்டுவிட்டோம் என்க. பெர்ல் ‘இல்லை’ என்றே விடை கூறும். ஆயினும் அவ்வினாவினாலேயே ‘ரெப்பா’ என்றொரு வெற்றுத் தோட்டம் பட்டியலில் ஏறிவிடும்! மலாய்ப் பெயர்களை நம்மவர் பலவாறு எழுதுவர். நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால் இல்லாத தோட்டங்கள் நாலு முளைக்கும். மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்து, லயங்களும் இடிபட்டபின், பட்டியலே சான்றாக நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே இல்லாத ஊரை ஏற்றுவது, இருந்த ஊரை விடுவதற்குக் குறைந்த பிழையன்று.

பரிகாரம் எளிது. முதலில் தோட்டம் உண்டா எனக் கேட்டு, உண்டெனில் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும். அதற்கும் முன்னதாக, ஊர்ப்பெயர்களுக்கு ஒரே எழுத்துவடிவை முடிவுசெய்து கொள்ளுதல் நலம். அது கணினியின் வேலையன்று, தமிழாசிரியரின் வேலை.