எல்லைக்கோடு விழுங்கிய கழகம்

அயர்லாந்து உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தை வென்ற கழகங்களின் பட்டியலில் 1923 ஆம் ஆண்டுக்கு நேரே அல்ரன் யுனைற்றட் என்ற பெயர் காணப்படுகின்றது. அதற்கு முன்னரும் பின்னரும் அப்பெயர் அப்பட்டியலில் இல்லை. தேசிய லீக்கில் இடம்பெறாத, பெல்பாஸ்ற் நகரின் ஒரு வட்டார லீக்கில் ஆடிய சிறு கழகம் அது. அக்கழகம் கிண்ணத்தை வென்ற கதையையும் மறைந்த கதையையும் இங்கே நோக்குவோம்.

1920 யூலையில் பெல்பாஸ்ற் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் விரட்டப்பட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்நகரில் 400 இற்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். கத்தோலிக்க மக்களின் பேராதரவைப் பெற்றிருந்த பெல்பாஸ்ற் செல்ரிக் கழகம் 1920 இல் லீக்கிலிருந்து விலகியது. 1924 இலேயே மீண்டும் களமிறங்கியது. 1921 மே மாதத்தில் அயர்லாந்துத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

உதைபந்தாட்டமும் பிளவுபட்டது. அதுவரை முழுத் தீவிலும் ஆட்டத்தை நிர்வகித்தது பெல்பாஸ்ற்றைத் தளமாகக் கொண்ட சங்கமே. 1921 இல் கிண்ணத்துக்கான அரையிறுதியில் டப்ளினின் ஷெல்பேர்ண் கழகமும் வடக்கின் கிளெனேவன் கழகமும் பெல்பாஸ்ற்றில் மோதின. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டம் டப்ளினில் நடைபெறும் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். சங்கமோ அதனையும் பெல்பாஸ்ற்றிலேயே ஆடுமாறு பணித்தது. ஷெல்பேர்ண் மறுத்தது. நெடுநாள் புகைந்துகொண்டிருந்த மனக்கசப்பு இதனால் வெடித்தது. அதே ஆண்டிலேயே டப்ளினில் புதிய சங்கம் உதயமாயிற்று.

இந்நிலையில், பெல்பாஸ்ற்றின் மேற்குப் பகுதியிலுள்ள கத்தோலிக்கக் குடியிருப்பான போல்ஸ் வீதியைச் சார்ந்த வட்டார லீக், தன் நகரின் சங்கத்தை விடுத்து டப்ளின் சங்கத்துடன் இணைந்துகொண்டது. அந்த லீக்கின் கழகமே அல்ரன் யுனைற்றட். இந்த இணைப்பினாலேயே, எல்லைக்கு வடக்கே வாழ்ந்த அவ்விளைஞர்கள் தெற்கின் கிண்ணத்துக்காகப் போட்டியிடும் உரிமையைப் பெற்றனர்.

1923 மார்ச் 17, புனித பற்றிக் திருநாள். தெற்கிலே உள்நாட்டுப் போர் இன்னும் ஓயவில்லை. டப்ளின் டாலிமவுன்ற் பார்க் மைதானத்தில் இறுதியாட்டம். எதிரணி, இரு ஆண்டுகளுக்கு முன் பிளவுக்குக் காரணமாயிருந்த அதே ஷெல்பேர்ண். முந்திய ஆண்டு இறுதியாட்டத்தில் தோற்றிருந்த ஷெல்பேர்ண் இம்முறை கிண்ணம் தனக்கே என்று எண்ணியிருக்கக்கூடும். ஆயின் அல்ரன் ஒரேயொரு கோலினால் வென்றது. தலைநகரின் பெருங்கழகத்தை வீழ்த்தி, பெல்பாஸ்ற்றின் வட்டாரக் கழகம் கிண்ணத்தைச் சுவீகரித்துக்கொண்டது.

ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. டப்ளின் சங்கம் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அங்கீகாரத்தை நாடியது. 1923 இல் அது கிட்டியது. ஆனால் தெற்கின் 26 மாவட்டங்களுக்குள் மட்டுமே அதன் அதிகாரம் செல்லும் என்பதே அதற்கான விலை. வடக்கின் 6 மாவட்டங்களும் பெல்பாஸ்ற் சங்கத்துக்கே உரியனவாயின. போல்ஸ் வீதியின் கழகங்களுக்குத் தெற்கின் கதவு மூடப்பட்டது. வென்ற கிண்ணத்தைத் தக்கவைக்க மறு ஆண்டு களமிறங்கும் வாய்ப்பே அல்ரனுக்கு இல்லாமற்போயிற்று. மைதானத்தில் எவரும் அதனைத் தோற்கடிக்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையிலேயே அதன் ஆட்டம் முடிவுற்றது. பின்னர் அக்கழகமும் மறைந்தது.

அதன் பின் அக்கிண்ணம் எல்லையைத் தாண்டி வடக்கே செல்ல 66 ஆண்டுகள் பிடித்தன. 1985 இல் இரு சங்கங்களின் சம்மதத்துடன் தெற்கின் லீக்கில் சேர்ந்த டெரி சிற்றி கழகம் 1989 இல் அதனை வென்றது. 1923 இலும் அத்தகைய சம்மதம் கிட்டியிருப்பின் அல்ரன் யுனைற்றட் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆடியிருக்குமோ? தம் வீட்டு வாசலைக் கடந்து எல்லைக்கோடு வரையப்படும்போது, அங்கு வாழும் மக்களிடம் எவரும் கேட்பதில்லை. அல்ரன் வீரர்களிடமும் எவரும் கேட்கவில்லை. பட்டியலில் எஞ்சியுள்ள அந்த ஒற்றை வரியே அவர்களுக்கான சாட்சி.