விடுதலைக்குப் பின் தேடியது சொந்த மண்

கோலா தெர்லா: தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும், வேலை போனால் வீடும் போய்விடும். தோட்டப்புறத் தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஆனாலும், கரும்புத் தோட்டங்களில் இருந்தவர்கள் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை பழைய முதலாளிகளுக்கே வேலை செய்தார்கள். அதன் பிறகும் அவர்கள் குடியிருந்த குடிசை தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. கூடுதல் கூலி கேட்டால், குடிசையைக் காலி செய்யும்படி மிரட்டல் வந்தது.

இதற்கு அவர்கள் கண்ட வழி, கூட்டாக நிலம் வாங்குவது. 1839-இல் கயானாவில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 83 பேர் தங்கள் சேமிப்பைத் திரட்டி, நார்த்புரூக் என்ற கைவிடப்பட்ட தோட்டத்தை வாங்கினார்கள். அதுவே விக்டோரியா கிராமம் ஆனது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலும் 1872-இல் விடுதலை பெற்றவர்கள் பணம் சேர்த்து 10 ஏக்கர் வாங்கினார்கள். விடுதலை நாளைக் கொண்டாட வாங்கிய அந்த இடம் இன்றும் பூங்காவாக இருக்கிறது.

அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் அடிமைகள் அல்லர். எனினும், ஒப்பந்தமும் கடனும் அவர்களைக் கட்டிப்போட்டன. ஒப்பந்தக் கூலி முறை இங்கு 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பதும் 1938-இல் நின்றது. லயத்து வீடு மட்டும் தோட்டத்துக்கே உரியதாக நீடித்தது.

1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, பல குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள் பால்மரம் வெட்டியவர்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. விக்டோரியா கிராமத்தை வாங்கியவர்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. தேவை ஒன்று, வழியும் ஒன்று.

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய கேமரன் மலையில், இந்தக் கேள்வி வேறு உருவில் நிற்கிறது. இங்கே காய்கறி பயிரிடும் பலர் நம்பியிருந்தது டிஓஎல் எனப்படும் தற்காலிக நில உரிமத்தை. தேசிய நிலச் சட்டப்படி அது அந்தந்த ஆண்டு முடிவுக்குள் காலாவதியாகும். மீண்டும் புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அதோடு முடிந்துவிடும்; பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேராது.

ஆகவே, வீட்டில் இருக்கும் நிலத்தாள் பட்டாவா, குத்தகையா, டிஓஎல்லா என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அது யார் பெயரில் இருக்கிறதோ, அவர் இருக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது.